காலித் தொட்டி காலியில்லை

தளவானூர் மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்னும் குடைவரைக் கோயில் ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. முகப்பின் மகர தோரணமும் வாயிற்காவலர் சிலைகளும் இன்றும் அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. செஞ்சி வட்டாரத்துக் கருங்கல் அத்தனை உறுதி. ஆனாலும் அந்தப் பாறை கரைந்துகொண்டேதான் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, மிக மென்மையான ஓர் அமிலமாகிப் பாறைப் பிளவுகளில் இறங்குகிறது. அங்கே ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களை அரித்துக் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது, கூடவே மக்னீசியத்தையும். வழியில் சுண்ணாம்புக் கட்டிகள் கிடந்தால் இன்னும் கொஞ்சம். இப்படிக் கல்லைக் குடித்த தண்ணீர்தான் போர்வெல் வழியாக மேலே வருகிறது. வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் வெள்ளையாக ஏடு கட்டுவதும், குளியலறைக் குழாய் வாயில் பூத்து நிற்பதும் அந்தப் பாறையின் பங்குதான்.

பழைய மீன் தொட்டி ஒன்றை விலைக்கு வாங்கினால், கண்ணாடியின் மேல்விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கிப்போன இடம் அது. வாங்குபவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான், பேரம் பேசக் கைகொடுப்பதும் அதுதான். உண்மையில் தொட்டியில் இருக்கும் அழுக்குகளிலேயே மிகச் சாதுவானது அந்தக் கோடு. கவலைப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொட்டிகள் கைமாறும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், வாங்கியாயிற்று. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. தொட்டி மொட்டை மாடிக்குப் போனது. இரண்டு மழைக்காலம் கழித்து, இடத்தை அடைக்கிறது என்று வீட்டம்மாவுக்குத் தோன்றியது. “தொட்டி நல்லாத்தாண்ணே இருக்கு. ஒரு வாட்டி கழுவிட்டு மீன வுட வேண்டியதுதான்” என்பார் விற்பவர். கூடவே ஒரு மோட்டார், கொஞ்சம் கலர் கல், பிளாஸ்டிக் செடி, பாதி காலியான மருந்துப் புட்டிகள் எல்லாம் இலவசம். சென்னை கொளத்தூருக்குப் போய்ப் புதுத் தொட்டி வாங்கி, அதை உடையாமல் செஞ்சிவரை கொண்டுவரும் பாட்டோடு பார்த்தால் இது லாபமான பேரம்தான். கொளத்தூர் தமிழ்நாட்டு அலங்கார மீன் வணிகத்தின் தலைநகரம். மீன் வாங்க அங்கே போகலாம். கண்ணாடிப் பெட்டிக்காகப் போக வேண்டியதில்லை.

விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘ஒரு வாட்டி கழுவிட்டு’ என்பதற்குள் வேதியியலும் மருத்துவமும் கொஞ்சம் பௌதிகமும் ஒளிந்திருக்கின்றன.

பௌதிகத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது பணம் கொடுப்பதற்கு முன்பே வேலைக்கு வரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சிறியது என்றே தோன்றும். அதில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதாவது 55 கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த ஆளின் எடை. அதை டிவி ஸ்டாண்டு மீது வைப்பது என்பது அந்த ஆளை இரவும் பகலும் அங்கேயே உட்கார வைப்பது. கண்ணாடிச் சுவர்களின் மேல் விழும் விசை இன்னும் சுவையான விஷயம். நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டி எவ்வளவு அகலம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் நீர் உயரமும் உள்ள முன்பக்கக் கண்ணாடியை உள்ளிருக்கும் நீர் 27 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் உயரம் என்று போனால் அது 91 கிலோ. நீளம் ஒன்றரை மடங்குதான், விசையோ மூன்று மடங்குக்கு மேல். உயரத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்காகும் என்பதுதான் கணக்கு. ஆகவே பழைய தொட்டி வாங்கும்போது நீளத்தைப் பார்த்து மயங்குவதைவிட, உயரத்துக்கு ஏற்ற கனம் கண்ணாடியில் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். உயரமான தொட்டியில் மெல்லிய கண்ணாடி என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இத்தனை விசையையும் தாங்குவது மூலைகளில் இருக்கும் சில மில்லிமீட்டர் பசை. தளவானூருக்கு அருகே மண்டகப்பட்டில் இதே மகேந்திரன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்து வைத்தான். ஒரே பாறையில் குடைந்தால் இணைப்பே கிடையாது, எனவே விட்டுப்போகவும் வழி கிடையாது. கண்ணாடித் தொட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அது முழுக்க முழுக்க இணைப்புகளை நம்பி நிற்பது.

அந்த இணைப்பு சிலிக்கான். 1960-களில்தான் சிலிக்கான் பசையால் மட்டுமே ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிகள் வந்தன. அதற்கு முன் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் பொருத்திப் புட்டி வைத்து அடைப்பார்கள். அப்படிப்பட்ட பழைய சட்டத் தொட்டி எங்காவது கிடைத்தால், அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், மீனுக்கு வேண்டாம். அந்தக் காலப் புட்டிகள் சிலவற்றில் ஈயச் சேர்மம் கலந்திருக்கும்.

ஒரு தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணாடியும் கண்ணாடியும் சந்திக்கும் இடுக்கில் இருப்பதுதான் பாரம் தாங்குவது. உள்பக்க மூலைகளில் விரலால் இழுத்துவிட்டது போல் ஓடும் பட்டை, முதல் அடுக்கைக் காக்கும் பூச்சு மட்டுமே. பட்டையின் ஓரம் கொஞ்சம் உரிந்திருந்தால் சரிசெய்துவிடலாம். இடுக்கில் இருக்கும் அடுக்குக்குள் வெள்ளையாகக் காற்றுக்குமிழ்களோ திட்டுகளோ தெரிந்தால், பசை கண்ணாடியை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். அந்தத் தொட்டியை முழுவதும் பிரித்து ஒட்டத்தான் வேண்டும். பழகிய ஆள் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

உள்பட்டையைப் புதுப்பிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இறுகிப்போன பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் சரியாக ஒட்டாது. கசியும் இடத்தில் மட்டும் ஒரு துளி வைத்து மூடுவது எல்லோரும் செய்யும் வேலை. சில வாரம் தாங்கும், பிறகு நள்ளிரவில் கூடம் நனையும். பட்டை முழுவதையும் பிளேடால் எடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து உலர்த்திய பிறகே புதிதாக இட வேண்டும். எந்தச் சிலிக்கான் என்பதும் முக்கியம். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சை எதிர்ப்புச் சிலிக்கானில் பூஞ்சையைக் கொல்லும் நஞ்சு கலந்திருக்கிறது. அது மெதுவாக நீரில் இறங்கி மீனையும் பதம் பார்க்கும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று குழலிலேயே அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். இறுகும்போது காடி வாசம் அடிக்கும். அசிட்டிக் அமிலம் வெளியேறுவதன் வாசம் அது. இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது, அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. மேலே தொட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலிருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வாசம் முழுவதும் போகும்வரை, ஒரு வாரமாவது, சும்மா விடுவது நல்லது.

கசிவுச் சோதனையை வீட்டுக்குள் செய்யக் கூடாது. சமதளமான முற்றத்திலோ திண்ணையிலோ தெர்மோகோல் தகடு விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் போட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்காக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அடியில் ஒரே ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் அந்தப் புள்ளியில் பாரம் குவிந்து கண்ணாடி விரியும். தெர்மோகோல் போடுவது அதற்காகத்தான். நிரம்பிய பின் இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். தாளில் ஈரம் தெரிந்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் மாடியில் காய்ந்து கிடந்த தொட்டியில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் நிற்கும்போது விரிசல் விடும். நிழலில் வைத்து ஆறவிடுங்கள். தண்ணீரோடு தொட்டியைத் தூக்குவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நம் வீடுகளில் அதுவும் நடக்கிறது.

வெள்ளைக் கோட்டுக்குக் காடியும் ஆசிட்டும்

அந்த வெள்ளைக் கோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தேய்த்தால் போகாது, ஆனால் அமிலத்துக்கு அடங்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிற அதே உத்திதான். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் காகிதக் கைத்துண்டை நனைத்து, கோட்டின் மேல் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால், அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக் கரியமில வாயுவாக விட்டுவிடும். சிறு குமிழ்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். மிச்சத்தைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினால் வந்துவிடும். பிளேடு பிடிப்பவர்கள் சிலிக்கான் பட்டைக்கு அருகே போகாமல் இருந்தால் சரி. இதே வினிகரை விற்பவர் இலவசமாகக் கொடுத்த கற்களின் மேல் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தொட்டி நீரின் உப்பை ஏற்றிக்கொண்டே போகும்.

சோப்பு வேண்டாம். பாத்திரம் துலக்கும் திரவமும் சலவைத் தூளும் எண்ணெயை நீரோடு கலக்க வைப்பவை, அதுதான் அவற்றின் தொழில். மீனின் செவுள்களை மூடியிருக்கும் மெல்லிய வழவழப்புப் படலத்தையும் அவை அதே போலக் கலைத்துவிடும். பத்து முறை அலசினாலும் கல்லிடுக்கிலும் சிலிக்கான் ஓரத்திலும் கொஞ்சம் தங்கும்.

கிருமிக்கு என்று வரும்போது ப்ளீச் நல்ல மருந்து. வீட்டில் வாங்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 19 பங்கு சேர்த்து, கையுறை போட்டுக்கொண்டு, உள்பக்கம் முழுவதும் நனைத்து, கால் மணி நேரம் விடலாம். அழுக்கை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளோரினெல்லாம் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். பிறகு பலமுறை அலசி, மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று கேட்டால் கொடுப்பார்களே, அதைக் கலந்த நீரால் ஒரு முறை நிரப்பிக் கொட்டி, காற்றாடக் காயவிட வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட், குளோரினைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கொஞ்சம் உரத்தே சொல்ல வேண்டும். வினிகர் போட்ட அன்றைக்கே அதன் மேல் ப்ளீச் ஊற்றாதீர்கள். உப்புக்கறை போகவில்லை என்று சிலர் குளியலறை ஆசிட்டையும் எடுத்துவந்து ஊற்றுகிறார்கள், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்த அமிலமும் ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் 1915-ல் ஈப்ர களத்தில் படைவீரர்கள் மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. அது காற்றைவிடக் கனமானது. குனிந்து தொட்டிக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவர் முகத்தருகே தேங்கி நிற்கும். வினிகர் ஒரு நாள், நன்றாக அலசல், ப்ளீச் இன்னொரு நாள், அதுவும் திறந்த வெளியில்.

சுவரில் ஒட்டிய முட்டைகள்

மொட்டை மாடியில் மழை பார்த்த தொட்டி என்றால் அதில் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டிய ஒன்று உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்தக் கரிய முட்டைகள் சாவதில்லை, காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் காத்திருக்கும். மீண்டும் நீர் மட்டம் உயர்ந்து அவற்றைத் தொடும்போது பொரிந்துவிடும். அதாவது தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்த தொட்டியும் அடுத்த ஐப்பசிக்கான கொசுவைப் பத்திரமாக வைத்திருக்கக்கூடும். வெறும் தண்ணீர் ஊற்றி அலசினால் அவை போகாது. நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் பெயரும். வெள்ளைக் கோட்டை எடுக்கும்போதே அதற்கு மேலுள்ள பகுதியையும் தேய்த்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். தொட்டியில் மீன் விட்ட பிறகு பயமில்லை, கப்பிகள் புழுக்களை விட்டுவைக்காது. சுத்தம் செய்த தொட்டியில் மீன் இல்லாமல் வாரக்கணக்கில் நீர் நிற்கும் காலம் ஒன்று வரப்போகிறது. அப்போதுதான் இது முக்கியம்.

கையுறை போடச் சொன்னது ப்ளீச்சுக்காக மட்டுமல்ல. 1926-ல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து அரோன்சன் என்பவர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று பெயர். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. 1951-ல் சுவீடனில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனவர்களின் தோல் புண்களில் இதேபோன்ற கிருமி தென்பட்டபோதுதான் மனிதரையும் அது தொடும் என்று தெரிந்தது. மீன் தொட்டிக்குள் கைவிடுபவர்களின் விரலிலும் புறங்கையிலும் சின்ன வெட்டுக்காயம் வழியாக நுழைந்து, சில வாரங்கள் கழித்து ஆறாத சிவந்த கட்டியாகத் தலைகாட்டும். சுமார் 30 டிகிரி வெப்பத்தில்தான் இது நன்றாக வளரும். எனவே உடலின் உள்ளே போவது அரிது, கைகளோடு நின்றுவிடும். ஆனால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். பல நோயாளிகளுக்கு நோய் தெரியவருவது தாமதமாவதற்குக் காரணம் எளிது, தொட்டி கழுவியதை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. இந்தக் கிருமியின் மேல் மெழுகு போன்ற உறை இருப்பதால் குளோரினுக்கும் அவ்வளவாக அசையாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் அதற்கு நல்லது, அடுப்பும் ஊதுவத்தியும் பக்கத்தில் இல்லாத இடத்தில். பழைய தண்ணீரை டியூப் வைத்து வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். டியூப் முழுவதும் தண்ணீர் நிரப்பி, விரலால் அடைத்து, கீழே இறக்கித் திறந்தால் அதுவே ஓடும்.

இலவசமாக வந்த மருந்துப் புட்டிகளும் ஒரு தகவல்தான். நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, சிலிக்கானை நீலமாக்கிவிடும். பார்க்க அசிங்கம், வேறு தொல்லையில்லை. செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால் கதை வேறு. செம்பு சுண்ணாம்புக் கற்களில் படிந்துகொண்டு மெதுவாக வெளியே வரும். மீன்கள் தாங்கும் அளவே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தொட்டியில் எந்த நோய்க்கு என்ன மருந்து போட்டார்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கல், செடி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கல் அப்படியொன்றும் விலையில்லை.

இல்லாமல் போனவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தொட்டியில் இருக்கக் கூடாதவை பற்றி. இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்து, பளிங்கு போல் நிற்கும் தொட்டியில் அன்று மாலையே மீன்களை விட்டால், பத்து நாளுக்குள் அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். வாங்கியவர் விற்பவரைத் திட்டுவார். தொட்டியில் இருக்க வேண்டியவர்கள் இல்லாமல் போனதுதான் காரணம், அவர்களைக் கொன்றதும் நாம்தான்.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அதையே தருகிறது. குளத்தில் அது ஒரு பொருட்டில்லை, 55 லிட்டரில் அது நஞ்சு. அதைச் சமாளிப்பது பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் நஞ்சுதான், மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனை எடுத்துச்செல்ல விடாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்குகிறது. அதை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போய்விடும்.

இந்த வேலையைச் செய்யும் உயிர்களை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி, 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதன் பிறகு நூறு ஆண்டுகள் பாடநூல்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயரையே ஒப்பித்தன. 1998-ல் ஹோவனெக் குழு நன்னீர் மீன் தொட்டிகளை மரபணு வழியில் ஆராய்ந்தபோது நைட்ரோபாக்டரைக் காணவே முடியவில்லை; நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2015-ல் இன்னொரு ஆச்சரியம். இரண்டு கட்ட வேலையையும் ஒரே உயிரணு தனியாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்க்கும் ஒரு மறுசுழற்சி அமைப்பின் வடிகட்டி. நுண்ணுயிரியல் பாடத்தைத் திருத்தி எழுத வைத்தது ஒரு மீன் தொட்டியின் ஃபில்டர் என்றால், வீட்டிலுள்ள ஸ்பாஞ்சைக் கொஞ்சம் மரியாதையாகப் பிடிக்கத் தோன்றுகிறது.

இவை நிதானமாக வளர்பவை. நம் குடலில் உள்ள ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நைட்ரஜன் வேலைக்காரர்களுக்குப் பல மணி நேரம் வேண்டும், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேல். அதனால்தான் புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் சீக்கிரமாகலாம்.

இங்கே தளவானூர்ப் பாறை மறுபடியும் குறுக்கே வருகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஹைட்ரஜன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியமாக இருக்கும்போது மீனுக்குப் பெரிய கேடில்லை. தனி அம்மோனியாவாக இருக்கும்போதுதான் செவுளைச் சுடும். எது எவ்வளவு என்பதை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் அளவு 7 என்றால் நஞ்சு வடிவம் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல். 8.5 என்றால் 20 சதவீதம். கல்லைக் குடித்த போர்வெல் நீர் பெரும்பாலும் காரப்பக்கம்தான் நிற்கும். ஆகவே மென்னீர் ஊரில் ஒருவர் பக்குவப்படாத தொட்டியில் மீன் விட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் ஊரில் அதே தவறு மீனைக் கொல்லும்.

அதே உப்பு உதவியும் செய்கிறது என்பதுதான் வேடிக்கை. நைட்ரஜன் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. நீரிலுள்ள பைகார்பனேட் அதை விழுங்கிக்கொண்டு பிஎச் சரியாமல் பிடித்துவைக்கும். மென்னீரில் இது சீக்கிரம் தீர்ந்து வேலை நின்றுபோகும். கடின நீரில் அந்தக் கவலை குறைவு. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் கடின நீரை விரும்புபவை. டிஸ்கஸும் நியான் டெட்ராவும் அமேசான் பக்கத்து மென்னீர் மீன்கள், அவற்றுக்காக ஆர்.ஓ. நீர் பிடித்து அல்லாடுவதைவிட, நம் கிணறு எந்த மீனுக்குச் சம்மதிக்கிறதோ அதை வளர்க்கலாம் என்பது என் கட்சி.

பக்குவப்படுத்துவது இப்படி. தொட்டியை நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வர வேண்டும். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியாக்கள் வந்து சேரும். சோதனைத் துளிகளால் பார்த்தால் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நைட்ரேட் மட்டும் நிற்கும். அன்றைக்குத்தான் மீனுக்கு அழைப்பு. நோயில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி ஒன்று நண்பர் வீட்டில் இருந்தால், அவர் ஸ்பாஞ்சை நம் தொட்டி நீரில் பிழிந்துகொண்டால் காத்திருக்கும் நாட்களில் பாதி மிச்சமாகும். வாங்கும் தொட்டியே ஓடிக்கொண்டிருக்கிறது, மீன்களும் நலம் என்றால் பேரம் பேசுவதைவிட முக்கியம், ஸ்பாஞ்சை அந்தத் தொட்டி நீரிலேயே நனைத்து வாளியில் எடுத்துவருவது. மாடியில் காய்ந்து கிடந்த ஸ்பாஞ்சில் எதுவும் மிச்சமிருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று வரும் நீர் நமக்கு நல்லது, பாக்டீரியாக்களுக்கும் மீனுக்கும் ஆகாது. அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் குளோரின் போய்விடும். போர்வெல் நீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜன் குறைந்தும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கலாம். அதையும் ஒரு நாள் ஏர் பம்ப் போட்டு ஆற்றிய பிறகே ஊற்றலாம்.

பழைய மோட்டாரையும் அப்படியே நம்பக் கூடாது. ஒயர் வெடித்திருக்கிறதா, தண்ணீருக்குள் போகும் பகுதியில் ஒட்டுப்போட்டிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். பிளக்குக்குப் போகும் ஒயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். அப்போதுதான் அதன் வழியே வழியும் நீர் கீழே சொட்டும், பிளக்குக்குள் ஏறாது. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் நல்லது. இருந்தாலும் தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

“அந்தக் கிளீனர் மீனையும் சேத்து எடுத்துக்குங்கண்ணே” என்று விற்பவர் சொல்வதற்கும் வாய்ப்பு இருக்கிறது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கர் மீன் அது. தென் அமெரிக்கக் கெளுத்தி வகை. விரல் நீளத்தில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும், அதற்கு இரண்டடித் தொட்டி போதாது. அப்புறம் அதை ஏரியில் விடுவார்கள். உடம்பெல்லாம் கவசம், காற்றையே விழுங்கிச் சுவாசிக்கும், கரையைத் தோண்டிக் குடியிருக்கும், இதைத் தின்ன நம் ஏரியில் ஆளில்லை. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலைபோடுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மீனும் நத்தையும் செடியும் பழைய தண்ணீரும் எதுவாயிருந்தாலும் செஞ்சிக் கோட்டையின் செட்டிக்குளத்திலோ ஊர் ஏரியிலோ போகக் கூடாது. தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம், நைட்ரேட் அதற்கு உரம். சக்கர் மீனை வேண்டாம் என்று விற்பவரிடமே திருப்பிச் சொல்லிவிடலாம்.

எல்லாம் ஆன பிறகு முதலில் நான்கைந்து கப்பிகள் போதும். பாக்டீரியாக் கூட்டம் அந்த அளவுக்குத்தான் பெருகியிருக்கும், ஒரே நாளில் இருபது மீன் விட்டால் மறுபடி அம்மோனியா ஏறும். இரண்டு வாரம் கழித்து இன்னும் சில. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலைவரை மின்சாரம் நிறுத்தும் நாளில் ஃபில்டருக்குள் இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்கவிடுங்கள். அன்றைக்கு மீன்களுக்குத் தீனி போட வேண்டாம்.